ஏற்றம்தான் ஆட்டம்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடப் புதிதாக வருகிற எவர் காதிலும் முதலில் விழுகிற அறிவுரை ஒன்றுதான்: "சீக்கிரம் லெவல் ஏறி உச்சிக்கு வந்துவிடு. ஆட்டமே அங்கேதான் தொடங்குகிறது." கில்டில், அதாவது ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைத்த குழுவில், பல வருடம் ஆடிய மூத்தவர்கள் இதைச் சொல்கிறார்கள். யூடியூபில் வழிகாட்டும் காணொளிகள் இதைச் சொல்கின்றன. ஆட்டத்தை நடத்தும் நிறுவனமும் பணம் வாங்கிக்கொண்டு லெவலை விற்பதன் மூலம் இதையே சொல்கிறது. இந்த அறிவுரையை நம்பி ஒரு பெரிய சந்தையே எழுந்து நிற்கிறது. எந்த குவெஸ்டை, அதாவது ஆட்டம் கொடுக்கும் பணியை, எந்த வரிசையில் முடிக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் ஆட்-ஆன்கள், ஆட்டத்துக் காசு வாங்கிக்கொண்டு எதிரிகள் நிறைந்த டஞ்சனுக்குள் கூட்டிப்போகும் மேஜ் எனும் மந்திரவாதிகள், நம் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு நமக்குப் பதிலாக ராப்பகலாக ஆடித்தரும் கூலி ஆட்கள் என்று அது விரிகிறது.

இந்தக் கருத்தை நான் முழுவதுமாக மறுக்கிறேன். லெவல் ஏறுவதை ஆட்டத்துக்கு முன்னால் போட்டுவைத்த சுங்கச்சாவடி என்று நினைப்பதால்தான் அதைச் சீக்கிரம் கடந்துவிடத் தோன்றுகிறது. ஆன்லைன் ரோல்-பிளேயிங் ஆட்டங்களில் ஏற்றம்தான் ஆட்டத்தின் பெரும்பகுதி. ஆடக் கற்றுக்கொள்வதும், அந்த உலகத்தைத் தெரிந்துகொள்வதும், கூட ஆடும் தோழர்களைச் சம்பாதிப்பதும் அங்கேதான் நடக்கின்றன. அதைத் தாண்டிக் குதிப்பவர் கையில் மிஞ்சுவது ஓர் எண் மட்டும். அந்த எண்ணுக்கான விலையில் ஒரு பங்கை, கேட்காமலே, மற்ற ஆட்டக்காரர்களும் கட்ட வேண்டியிருக்கிறது.

லெவல் என்ற ஏற்பாடு எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை வெளியிட்டபோது, முதல் லெவல் மந்திரவாதியின் கையில் இருந்தது ஒரே ஒரு மந்திரம். அதை எப்போது போடுவது, எப்போது அடக்கி வைப்பது என்று பழகிய பிறகுதான் இரண்டாவது கைக்கு வரும். தாங்கும் அளவுக்குத் தக்கபடி ஆற்றலைக் கூட்டிக் கொடுக்கும் முறை அது. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய மட் என்ற ஆட்டம், இன்றைய ஆன்லைன் உலகங்களுக்கெல்லாம் மூத்தது. அதில் உச்சப் படியான விசார்டை எட்டியவருக்கு அந்த உலகத்தையே மேற்பார்க்கும் அதிகாரம் கிடைத்தது. ஏறி வந்தவருக்கு இடமும் தெரியும், மனிதரும் தெரியும் என்ற நம்பிக்கையில் கொடுத்த அதிகாரம் அது. இரண்டிலும் லெவல் என்பது, ஆடுகிறவர் எவ்வளவு கற்றிருக்கிறார் என்பதற்கான கணக்கு. கற்றலைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தக் கணக்கு பொய்க்கணக்காகிவிடும்.

2004 நவம்பரில் ப்ளிசார்ட் வெளியிட்ட வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் முதல் வடிவத்தில் உச்சம் 60. 2019 ஆகஸ்டில் கிளாசிக் என்ற பெயரில் திரும்பி வந்ததும் அதே வடிவம்தான். அதன் படிகளைச் சற்று உற்றுப் பார்த்தால் போதும், அது எவ்வளவு கவனமாக அடுக்கப்பட்ட பள்ளி என்று தெரியும். வாரியர் வகைப் பாத்திரத்துக்குப் பத்தாவது லெவலில் தற்காப்பு நிலை தனி குவெஸ்டாக வருகிறது. எதிரியின் கோபத்தைத் தன் பக்கம் இழுக்கும் டாண்ட்டும் அப்போதுதான். ஹண்டருக்குத் துணை விலங்கைப் பழக்கும் கலை பத்தில் கிடைக்கிறது. ட்ரூயிடின் கரடி வடிவமும் பத்தில்தான். சவாரிக்கு மிருகம் நாற்பதில். அது வரையில் கால்நடையாகவே நடந்ததால் ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் ஆட்டக்காரருக்கு உடம்பிலேயே தெரிகிறது. ஒவ்வொரு வித்தையும் அதற்கான தேவை வரும் நேரத்தில் வந்து சேர்கிறது. அடுத்தது வருவதற்குள் முந்தையது கைக்கு ஏறிவிடுகிறது.

அந்தப் பள்ளியின் ஒரு வகுப்பறையை உள்ளே போய்ப் பார்க்கலாம். மனிதர் பக்கம் ஆடுகிற புதியவர்கள் இருபதாம் லெவலை நெருங்கும்போது போய்ச் சேரும் இடம் வெஸ்ட்ஃபால், அதன் கீழே டெட்மைன்ஸ் என்ற சுரங்கம். ஐந்து பேர் சேர்ந்து இறங்க வேண்டும். அங்கே இருக்கிற டீஃபையாஸ் கொள்ளையர்கள் உயிர் குறைந்ததும் திரும்பி ஓடுவார்கள். ஓடுகிறவனை விட்டுவிட்டால் அடுத்த மூலையில் இருக்கும் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு வருவான். ஆகவே ஓடுபவனின் காலை முடக்க ஒருவர் தயாராக நிற்க வேண்டும் என்று குழு கற்றுக்கொள்கிறது. குழுவின் மேஜ் எதிரிகளில் ஒருவனை ஆடாக மாற்றி வைத்திருப்பார். யாராவது அவசரப்பட்டு அந்த ஆட்டின் மேல் ஓர் அடி போட்டால் மந்திரம் கலைந்துவிடும். யாரை அடிப்பது, யாரைத் தொடக்கூடாது என்பது அங்கே பழகுகிறது. முதல் தலைவன் விழுந்தவுடன் எல்லாரும் மூச்சு விடுகிற நேரத்தில் பின்பக்கமிருந்து ஒரு காவல் கூட்டம் வரும். கடைசியில் நிற்கும், காயம் ஆற்றும் ஹீலரான ப்ரீஸ்ட்தான் முதலில் அடி வாங்குவார். ஹீலரைக் காப்பது எல்லாருடைய பொறுப்பு என்பது அந்தச் சில நொடிகளில் புரிந்துவிடுகிறது. நாற்பது பேர் சேர்ந்து ஆடும் பெரிய ரெய்டில் தேவைப்படும் அடிப்படைகள் எல்லாம் இந்தச் சுரங்கத்தில், தோற்றாலும் பெரிதாக இழப்பில்லாத இடத்தில், சொல்லிக்கொடுக்கப்படுகின்றன.

அந்தச் சுரங்கத்துக்குள் ஒரு கதையும் இருக்கிறது. ஸ்டார்ம்விண்ட் நகரம் போரில் அழிந்தபோது அதைக் கல் கல்லாகக் கட்டியெழுப்பியவர்கள் எட்வின் வான்க்ளீஃபின் தலைமையில் இருந்த கொத்தனார்கள். வேலை முடிந்ததும் பிரபுக்கள் கூலியைக் கொடுக்க மறுத்தார்கள். கலகம் வெடித்தது. அந்தக் கொத்தனார்கள்தான் டீஃபையாஸ் ஆனார்கள். சுரங்கத்தின் ஆழத்தில் கப்பல் கட்டிக்கொண்டு பழிவாங்கக் காத்திருக்கிறார்கள். வான்க்ளீஃபைக் கொன்று தலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆட்டக்காரர், யாருடைய வேலையைச் செய்தோம் என்று ஒரு கணம் யோசிக்கத்தான் செய்வார். இதைவிட நல்ல கதையைப் பல நாவல்களில் கூடத் தேட வேண்டும். உச்சியில்தான் ஆட்டம் தொடங்குகிறது என்று நம்புகிறவருக்கு இந்தக் கதை இருப்பதே தெரியாது.

இனி, வேகமாக ஏறுகிறவர் என்ன ஆடுகிறார் என்று பார்ப்போம். கிளாசிக்கில் காசுக்கு லெவல் ஏற்றிவிடும் தொழில் ஸூல்ஃபராக் போன்ற டஞ்சன்களில் கொடிகட்டிப் பறந்தது. அறுபதாம் லெவல் மேஜ் ஒருவர் உள்ளே ஓடி, டஜன் கணக்கில் எதிரிகளைத் தன் பின்னால் திரட்டிக்கொண்டு வருவார். ஓரிடத்தில் உறைய வைப்பார், சட்டென்று விலகிக்கொள்வார், மேலிருந்து பனிமழையைக் கொட்டுவார். எல்லாரும் ஒருசேரச் சாவார்கள். பணம் கொடுத்த நான்கு பேரும் வாசல் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் கை விசைப்பலகையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. எக்ஸ்பி என்ற அனுபவப் புள்ளி தானாக வந்து விழும். முடிந்ததும் வெளியே வந்து, டஞ்சனை ரீசெட் செய்து, மறுபடி உள்ளே போவார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஐந்து முறைக்கு மேல் புதிய டஞ்சனுக்குள் நுழைய முடியாது என்ற வரம்பு ஏற்கெனவே இருந்தது. 2020-இல் நாளொன்றுக்கு முப்பது என்ற வரம்பையும் ப்ளிசார்ட் சேர்க்க வேண்டி வந்தது. இப்படி மணிக்கணக்கில் வாசலில் நிற்பதைத்தான் நேரத்தை மிச்சப்படுத்துவது என்று சொல்கிறார்கள். இதில் மிச்சமான நேரம் எது? ஆடியிருக்க வேண்டிய மணிகளை ஆடாமல் கழித்ததற்குக் கூலியும் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இப்படி ஏறியவரின் பொய்க்கணக்கை ஆட்டமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கிளாசிக்கில் ஆயுதத் திறனுக்குத் தனிக் கணக்கு உண்டு. வாள், கோடரி, தண்டம் ஒவ்வொன்றும் அடித்து அடித்துத்தான் ஏறும். லெவலுக்கு 5 வீதம், அறுபதில் அதன் உச்சம் 300. வாசலில் நின்று அறுபதைத் தொட்ட வாரியரின் கையில் புதிதாக ஒரு கோடரியைக் கொடுத்தால், அதன் திறன் ஒன்றிலிருந்து தொடங்கும். தன் லெவலுக்குத் தக்க எதிரியின் முன் போய் நின்றால் அடிகள் காற்றில் போகும். இது வெறும் எண் விவகாரம் என்று தள்ளிவிட வேண்டாம். கோடரிக்கு நேர்ந்த அதே கதிதான் அதைப் பிடித்திருக்கும் ஆளுக்கும். எப்போது டாண்ட் போடுவது, ஹீலரின் மந்திரசக்தியான மானா தீரப்போகிறது என்பதை எதை வைத்துக் கண்டுகொள்வது, எந்த நேரத்தில் எல்லாரும் பின்வாங்குவது ஆகியவற்றிலும் அவர் ஒன்றாம் லெவல்தான். ஆயுதத் திறனையாவது சில மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். மற்றவற்றை நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் எல்லாருடைய மாலைப்பொழுதையும் செலவழித்து அவர் கற்க வேண்டியிருக்கும்.

"உச்சியில்தான் உண்மையான ஆட்டம்" என்ற வாதத்தின் அடித்தளத்தையே 2019-இல் நடந்த ஒன்று ஆட்டிவிட்டது. கிளாசிக் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அப்போதைய உச்சகட்ட ரெய்டான மோல்ட்டன் கோரை ஏப்ஸ் என்ற கில்டு முடித்துவிட்டது. அந்தக் குழுவில் சிலர் அறுபதைக்கூட எட்டியிருக்கவில்லை. எதற்காக அவ்வளவு அவசரமாக ஓடிவரச் சொன்னார்களோ அந்தச் சிகரம் ஒரே வாரத்தில் தீர்ந்தது. சாதாரண ஆட்டக்காரர்களுக்கோ ஏற்றமே மாதக்கணக்கில் நீண்டது. அந்த மாதங்கள்தான் அவர்களுடைய கிளாசிக். திறப்பு நாளன்று சர்வருக்குள் நுழையவே பலர் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். நுழைந்த பிறகு, குவெஸ்டுக்காகக் கொல்ல வேண்டிய ஒரே எதிரிக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். அவர்களை அங்கே கூட்டியது எந்த ரெய்டின் பரிசும் அல்ல. முதல் லெவலிலிருந்து மெதுவாக, மற்றவர்களோடு சேர்ந்து ஏறும் அனுபவத்தைத் தேடித்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

அதன்பின் ஆட்டக்காரர்கள் தாங்களாகவே ஒரு விதியை வகுத்துக்கொண்டார்கள்: ஒருமுறை செத்தால் அந்தப் பாத்திரம் முடிந்தது. ஹார்ட்கோர் என்ற இந்த முறை பரவியதைக் கண்டு 2023 ஆகஸ்டில் ப்ளிசார்டே அதற்கென்று தனி சர்வர்களைத் திறந்தது. அங்கே பதினைந்தாம் லெவலுக்கும் மரியாதை உண்டு. முப்பத்தெட்டில் இறந்தவருக்காக முன்பின் தெரியாதவர்களும் வருந்துகிறார்கள். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆட்டத்தில் 2014-இல் வந்த அயர்ன்மேன் முறையும் இதே வகை. யாரோடும் வணிகம் செய்ய முடியாது. வேண்டியதையெல்லாம் தானே செய்துகொள்ள வேண்டும். அந்த ஆட்டத்தில் ஒரு திறனை 99-க்கு ஏற்ற 1,30,34,431 எக்ஸ்பி தேவை. 92-ஐத் தொடும்போதுதான் பாதி தூரம் முடிந்திருக்கும். இவ்வளவு நீண்ட பாதையை மேலும் கடினமாக்கிக்கொண்டு நடக்கப் பெருந்திரளானவர்கள் தாமாக முன்வருகிறார்கள். ஏறுவது யாருக்கும் பிடிக்காத சுமை என்பது உண்மையானால் இவர்களை எப்படி விளக்குவது?

எதிர்த்தரப்பின் வாதங்களில் நியாயமானவை உண்டு. அவற்றுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, நேரமின்மை. "எனக்கு வேலை இருக்கிறது, குழந்தைகள் இருக்கிறார்கள்; ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. நான் எப்படி நடந்தே ஏறுவது?" இந்தக் கேள்வியைக் கேட்பவரை நான் மதிக்கிறேன். ஆனால் அவசரத்தால் அதிகம் இழப்பவரும் இவர்தான். நாள் முழுக்க ஆடுகிறவருக்கு ஒரு மணி போனால் இன்னொரு மணி. இவருக்கு இருப்பதே அந்த ஒரு மணிதான். அதையும் வாசலில் நின்று கழிக்கச் சொல்வது அவருக்குச் செய்யும் உதவியா? இவரை மனதில் வைத்தே ஆட்டத்தில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் கட்டத்தில், தொடர்ந்து அதிக நேரம் ஆடுகிறவருக்கு எக்ஸ்பி பாதியாகக் குறையும் என்று வைத்திருந்தார்கள், ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். அந்தக் கணக்கையே திருப்பிப் போட்டு, ஓய்வெடுத்துவிட்டு வருகிறவருக்கு இரட்டிப்பு என்று மாற்றினார்கள் என்பதை அப்போதைய தலைமை வடிவமைப்பாளர் ராப் பார்டோ பிற்பாடு விளக்கியிருக்கிறார். சத்திரத்தில் பாத்திரத்தைப் படுக்க வைத்துவிட்டு வெளியேறினால், எட்டு மணி நேரத்துக்கு ஒரு லெவலின் 5 சதவீதம் வீதம், ஒன்றரை லெவல் வரை அந்த ஓய்வுப் பலன் சேரும். அது தீரும்வரை கொல்லும் ஒவ்வோர் எதிரிக்கும் இரண்டு மடங்கு எக்ஸ்பி. ஒரு மணி நேரம் மட்டுமே ஆடுகிறவர், மணிக்கு மணி பார்த்தால், ராப்பகலாக ஆடுகிறவரைவிட வேகமாக ஏறுகிறார். ஏற்றம் அவருக்கு எதிராகக் கட்டப்பட்டதல்ல. அவருக்காகவே வளைந்து கொடுத்திருக்கிறது.

இரண்டாவது, "நண்பர்களெல்லாம் மேலே இருக்கிறார்கள், நான் மட்டும் கீழே தனியாக இருக்கிறேன்." இது உண்மையான ஏக்கம். ஆனால் இதற்கான மருந்தை இந்தத் துறை வெகுகாலத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. 2004-இல் வந்த சிட்டி ஆஃப் ஹீரோஸ், கீழே இருப்பவரை நண்பரின் பக்கத்தில் நிற்கும் வரை அவருடைய லெவலை ஒட்டி உயர்த்தி வைத்தது. 2012-இல் கில்டு வார்ஸ் 2, மேலே இருப்பவர் சிறிய ஊர்களுக்கு வரும்போது அவருடைய பலத்தை அந்த ஊருக்குத் தக்கபடி இறக்கியது. ஃபைனல் ஃபேண்டசி 14 டஞ்சன்களில் அதையே செய்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டிலும் 2019 முதல் பார்ட்டி சிங்க் என்ற வசதி இருக்கிறது. இந்த வசதி இல்லாத கிளாசிக்கில்கூட மூத்தவர் ஒரு புதிய பாத்திரத்தைத் தொடங்கிக் கூட நடக்க எந்தத் தடையும் இல்லை. மேலே இருப்பவர் கொஞ்சம் இறங்கி வந்தால் தீர்ந்துபோகிற பிரச்சினைக்குக் கீழே இருப்பவரின் ஆட்டம் முழுவதையும் பலிகொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, "பன்றி பத்து கொல், தோல் எட்டு கொண்டுவா, இதில் என்ன கற்பது?" சலிப்பூட்டும் குவெஸ்டுகள் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. முப்பதுகளின் நடுவிலும் நாற்பதுகளின் கடைசியிலும் கிளாசிக்கின் பாதை வறண்டுதான் கிடக்கிறது. ஆனால் பாதை மோசமாக இருந்தால் பாதையைச் செப்பனிட வேண்டும், அல்லது குறுக்க வேண்டும். உச்சியில்தான் ஆட்டம் என்று உண்மையாகவே நம்பிய வடிவமைப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு 2005-இல் வெளிவந்த முதல் கில்டு வார்ஸ் நல்ல சான்று. அதில் உச்சமே 20. அதை எட்டுவது எளிது. அதன்பின் ஆட்டக்காரரை உயர்த்துவது, எந்தத் திறன்களைத் தேர்ந்து எப்படிச் சேர்க்கிறார் என்ற அறிவுதான். இது நேர்மையான வடிவமைப்பு. அறுபதோ எண்பதோ படிகளைக் கட்டிவைத்துவிட்டு, அவற்றில் ஏறாமலிருக்கப் பணம் கேட்பது அந்த நேர்மையில் சேராது.

இங்கேதான் விற்பவரின் நலனைப் பேச வேண்டியிருக்கிறது. 2014-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் நேரடியாகத் தொண்ணூறாம் லெவலுக்குத் தூக்கிவிடும் பூஸ்டை 60 டாலருக்கு விற்கத் தொடங்கியது. இவ்வளவு விலை ஏன் என்று கேட்டபோது, லெவல் ஏறி வந்த சாதனையின் மதிப்பைக் குறைத்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம் என்று ப்ளிசார்டின் மூத்த வடிவமைப்பாளர் அயன் ஹாஸிகோஸ்டாஸ் விளக்கினார். அந்த விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்வோம். ஏறுவது ஒரு சாதனை என்று விற்பவரே ஒப்புக்கொள்கிறார். சாதனை என்றால் அதைச் செய்தவருக்குத்தான் அது சொந்தம். எத்தனை டாலர் வைத்தாலும் செய்யாதவருக்கு விற்க முடியாது. 2021-இல் பர்னிங் க்ரூசேட் கிளாசிக் வந்தபோது, மெதுவான ஏற்றத்துக்காகவே கூட்டம் திரண்ட அதே கிளாசிக்கில், 58-ஆம் லெவலுக்கான பூஸ்ட் விற்பனைக்கு வந்தது. பாதை சலிப்பாக இருப்பதால் ஒரு நிறுவனத்துக்கு வருமானம் வருகிறது என்றால், அந்தப் பாதையைச் செப்பனிடும் ஆசை அதற்கு எங்கிருந்து வரும்? சலிப்பைப் பற்றி உண்மையில் கவலைப்படுகிறவர்கள்தான் பூஸ்ட் விற்பனையை முதலில் எதிர்க்க வேண்டும்.

நிறுவனம் விற்காத இடத்தில் கூலிச்சந்தை விற்கிறது. அந்தச் சந்தையின் அடியில் மனிதர்கள் இருக்கிறார்கள். 2005 முதல் சீனாவில் ஷிஃப்டு முறையில் ஆட்டத்துக் காசு சேர்த்தும் மற்றவர்களின் பாத்திரங்களை லெவல் ஏற்றியும் பிழைத்த இளைஞர்களைப் பற்றிப் பெரிய பத்திரிகைகள் எழுதின. பொருளாதாரம் நொறுங்கிய வெனிசுவேலாவிலிருந்து பலர் ரூன்ஸ்கேப்பில் பச்சை டிராகன்களைக் கொன்று அரிசிக்கும் மருந்துக்கும் வழி தேடினார்கள். அவர்களைப் பழிப்பதற்கு எனக்கு வாய் வராது. பசிக்கு வேலை செய்தார்கள். ஆனால் நமக்கு ஓய்வாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்க வேண்டிய ஒன்றை, தூரத்தில் யாரோ உறக்கம் கெட்டுச் செய்யும் கூலி வேலையாக மாற்றியது "சீக்கிரம் ஏறு" என்ற நம் அவசரம்தான். தென்கொரியா இதைச் சட்டப் பிரச்சினையாகவே பார்த்தது. மற்றவர் கணக்கில் காசுக்கு ஆடித்தரும் தொழிலை 2019 ஜூன் முதல் அங்கே குற்றமாக்கியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டு வரை சிறையும் இரண்டு கோடி வோன் வரை அபராதமும் உண்டு.

நாலாவது வாதத்தைத்தான் நான் அடிக்கடி கேட்கிறேன்: "நான் எப்படி ஆடினால் உனக்கென்ன? என் பணம், என் நேரம்." தனியாக ஆடும் ஆட்டமாக இருந்தால் இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆன்லைன் உலகம் பொது இடம். டெட்மைன்ஸுக்கு ஐந்து பேர் வேண்டும். நான்கு பேர் பூஸ்ட் வாங்கிக்கொண்டு போய்விட்டால், ஐந்தாவது ஆள் வெஸ்ட்ஃபாலில் நின்று மணிக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். கூப்பிட்டு அலுத்து அவரும் பூஸ்ட் வாங்குவார். ஒவ்வொருவர் தப்பிப்பதும் மிச்சமிருப்பவரின் பாதையை இன்னும் வெறிச்சோட வைக்கிறது. பிறகு அந்த வெறுமையையே காட்டி, "பார், கீழே யாருமே இல்லை, சீக்கிரம் மேலே வா" என்கிறார்கள். பூஸ்டுக்குக் கொடுக்க ஆட்டத்துக் காசு தேவைப்படுவதால் காசு விற்பவர்களிடம் போகிறார்கள். அவர்கள் தானாக ஆடும் பாட் நிரல்களை ஓடவிட்டுச் சுரங்கத்தையும் மூலிகையையும் துடைத்தெடுக்கிறார்கள். ஒழுங்காக ஆடும் புதியவருக்குத் தாமிரம் வெட்டக்கூட இடம் கிடைப்பதில்லை. இதில் எதுவும் ஒருவருடைய சொந்த விஷயமாக நின்றுவிடுவதில்லை.

பாதை வெறிச்சோடும்போது அதோடு எது அழிகிறது என்பதற்கு மனிதர் பக்கத்துக்கு எதிரணியான ஹோர்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பேரன்ஸ் என்ற வறண்ட சமவெளியில் மான்க்ரிக் என்ற ஓர்க் வீரன், போரில் காணாமல் போன தன் மனைவியைத் தேடித்தரச் சொல்வான். வரைபடத்தில் குறி கிடையாது. குவெஸ்டின் எழுத்தைப் படித்து, தெற்கே போய், சாலையை விட்டு விலகித் தேட வேண்டும். தேடி அலுத்தவர்கள் பொதுச் சாட்டில் கேட்பார்கள். "மான்க்ரிக்கின் மனைவி எங்கே?" என்ற கேள்வி பேரன்ஸில் ஓயாமல் ஒலித்தது. ஒருவர் வழி சொல்வார், ஒருவர் கூடவே வருவார், வந்தவர் அப்படியே குழுவில் சேர்ந்துவிடுவார். அந்த ஒரு கேள்வியால் உண்டான அறிமுகங்களுக்குக் கணக்கே இல்லை. 2009 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு குவெஸ்ட் இடங்களை வரைபடமே காட்டத் தொடங்கியது. கிளாசிக்கில் அந்த வேலையை ஆட்-ஆன் அம்புக்குறி செய்கிறது. அம்பு காட்டும் இடத்துக்குப் போகிறவர் யாரையும் கேட்பதில்லை. கேட்காததால் யாரும் பதில் சொல்வதுமில்லை. மிச்சமாவது சில நிமிடங்கள். போவது ஒரு தோழமை.

இரண்டு பேரை இந்த மறுப்பிலிருந்து விலக்கி வைக்கிறேன். ஒருவர், ஏற்கெனவே ஒரு பாத்திரத்தை நடத்தி உச்சிக்குக் கொண்டுபோனவர். இரண்டாவது, மூன்றாவது பாத்திரத்துக்கு அவர் குறுக்குவழி தேடினால் அதில் தவறில்லை. அவர் அறியாதது அந்தப் பாதையில் அதிகமில்லை. இன்னொருவர் பந்தய வீரர். 2019-இல் மால்டாவைச் சேர்ந்த, ஜோக்கர்ட் என்ற பெயரில் ஆடும் மேஜ், நான்கு நாளுக்குள் அறுபதை எட்டி உலகில் முதலாவதாக வந்தார். அந்த வேகம் அவருடைய சொந்தக் கையின் வேகம். எந்த எதிரி எங்கே நிற்பான், எத்தனை பேரை ஒருசேர இழுத்தால் உயிர் தங்கும், எந்த நொடியில் உறைய வைக்க வேண்டும் என்று பல வருடம் கரைத்துக் குடித்ததால் வந்த வேகம். பாதையை மிக நன்றாக அறிந்தவரால்தான் அப்படி ஓட முடியும். அவருடைய சாதனையைக் காட்டி, பாதையையே அறியாதவருக்கு அவசரத்தைப் போதிப்பதுதான் தவறு.

ஆகவே நான் கேட்பவை மூன்று. நிறுவனங்கள், முதல்முறை ஆடுகிறவருக்குப் பூஸ்ட் விற்பதை நிறுத்த வேண்டும். பாதை நீளம் என்று அவர்களே கருதினால் எல்லாருக்கும் சேர்த்துக் குறைக்கட்டும். கில்டுகள், அறுபதை எட்டிய பிறகு வா என்று புதியவரைத் திருப்பி அனுப்புவதை விட்டு, பதினைந்தாம் லெவலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஓர் இரவு சிறியவர்களின் டஞ்சனுக்கு என்று ஒதுக்கினால், ஆறு மாதம் கழித்து ரெய்டில் ஆள் பற்றாக்குறை என்று புலம்ப வேண்டியிருக்காது. மூன்றாவது, பல வருடம் ஆடிய நம்மைப் போன்றவர்களிடம். சீக்கிரம் அறுபதுக்குப் போவது எப்படி என்று புதியவர் ஒருவர் கேட்டால், ஆட்-ஆனின் பெயரையோ பூஸ்டின் விலையையோ சொல்லாதீர்கள். எந்த ஊரில் நிற்கிறார், எந்த குவெஸ்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். உங்கள் பாத்திரங்களில் சிறியது எதுவோ அதை எடுத்துக்கொண்டு அங்கே போய், அவரோடு சேர்ந்து ஆடுங்கள்.